22 பேர் இருக்கிற முதியோர் இல்லத்துக்கு எத்தனை பிபிஇ கிட் வாங்கணும்?

திருப்பாதிரிப்புலியூர் நிர்வாகி — 04.11.2025, காலை 9.40

கடலூர்ல முதியோர் இல்லம் நடத்துறோம். 22 பேர். அதுல 8 பேர் படுத்த படுக்கை, 3 பேருக்கு யூரின் குழாய். பகல்ல 4 ஆயா, ராத்திரி 2. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் இருமல், காய்ச்சல், பேதின்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் படுக்கறாங்க. கொரோனா நேரத்துல போட்ட மாதிரி முழு உடலையும் மூடற பிபிஇ கிட் 100 வாங்கி வச்சிடலாம்னு டிரஸ்ட்ல பேச்சு. என் கருத்தும் அதுதான். கிட் போட்டா ஆயாவுக்கும் பாதுகாப்பு, பெரியவங்களுக்கும் பாதுகாப்பு. எத்தனை ஜிஎஸ்எம் (துணியோட கனம்) துணி வாங்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 04.11.2025, பகல் 1.15

கிட் வாங்காதீங்க. அந்தப் பணத்துக்குக் கையுறையும் பிளாஸ்டிக் ஏப்ரனும் சானிடைசரும் வாங்குங்க.

இந்த மாதிரி இல்லங்கள்ல கிருமி பெரும்பாலும் கவனிக்கிறவங்க கையில ஏறித்தான் ஒரு கட்டில்லேருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுது. முழு உடல் கிட்டை ஆளுக்கு ஆள் கழட்டி மாத்த யாராலயும் முடியாது. காலையில மாட்டினா மதியம் வரைக்கும் அதோடயே எட்டு கட்டிலும் சுத்துவாங்க. முதல் பாட்டிக்கு டயப்பர் மாத்தினப்ப ஒட்டினது எட்டாவது தாத்தாவோட படுக்கைப் புண்ணுக்குப் போய்ச் சேரும். அங்கே கிட் காப்பாத்தினது ஆயாவோட சேலையை மட்டும்தான். நம்ம கடலோரப் புழுக்கத்துல அரை மணி நேரத்துல வியர்வை கண்ணுக்குள்ள இறங்கும். கையுறை போட்ட அதே கையால துடைப்பாங்க.

உங்க கணக்கு இப்படி வரும். படுக்கையில இருக்கிற 8 பேருக்கு ஒரு நாளைக்கு 5 தடவை டயப்பர் மாத்தினா 40 ஜோடி கையுறை. 3 யூரின் பையைக் காலி பண்ண, புண்ணுக்குக் கட்டு மாத்த இன்னும் 10 ஜோடி. மொத்தம் 50 ஜோடி, அதாவது 100 உருப்படி இருக்கிற பெட்டி ஒண்ணு, ஒரு நாளைக்கு. சாப்பாடு ஊட்ட, தலை வார, பிபி பார்க்க, கை பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போகக் கையுறை வேண்டாம், சுத்தமான கை போதும். இதுக்கெல்லாம் போட்டுப் பழகினா ஒரு நாளைக்கு ஒரு பெட்டி பத்தாது, தேவைப்படற நேரத்துல கையுறை இருக்காது.

வாங்கறப்ப பவுடர் இல்லாத பரிசோதனைக் கையுறையா வாங்குங்க. பெட்டியில ஐஎஸ் 15354-ங்கற இந்தியத் தர எண் இருக்கான்னு பாருங்க. பவுடர் போட்ட கையுறையை அமெரிக்காவுல 2017-லேயே தடை பண்ணிட்டாங்க.

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 04.11.2025, இரவு 8.50

ஏப்ரன் பத்தி மதியம் விட்டுப்போச்சு. குளிப்பாட்டறது, டயப்பர், கட்டில்லேருந்து நாற்காலிக்குத் தூக்கி மாத்தறது, ஈரப் படுக்கை விரிப்பு மாத்தறது, புண்ணுக்குக் கட்டு: இந்த அஞ்சுலயும் ஆயாவோட வயிறும் முன்னங்கையும் பெரியவர் உடம்போட உரசுது. இதுக்கு ஏப்ரன் கட்டாயம், ஒருத்தருக்கு ஒண்ணு. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருக்கிறவங்க, ஆறாத புண்ணோ குழாயோ இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி வேலைகள்ல மட்டும் கவுனும் கையுறையும் போடச் சொல்றது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) 2019-லேருந்து சொல்லிட்டு வர்ற முறை. அவங்களை அறைக்குள்ள அடைச்சு வைக்க வேண்டியதில்லைங்கறதுதான் அதுல எனக்குப் பிடிச்சது.

திருப்பாதிரிப்புலியூர் நிர்வாகி — 05.11.2025, காலை 7.30

கிட் வேண்டாம்னு டிரஸ்ட்ல சொல்லிப் பார்க்கறேன் சிஸ்டர். ஆனா ஆயாங்க கையுறையை ஒருதரம் போட்டா கழட்டவே மாட்டேங்கறாங்க. சொன்னா, மேலேயே சானிடைசர் போட்டுத் துடைச்சுட்டேன்னு சொல்றாங்க.

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 05.11.2025, காலை 10.05

சானிடைசர் போட்டா கையுறையோட ரப்பர் பிசுபிசுத்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். கையுறை ஒருத்தருக்கு ஒரு வேலைக்குத்தான்.

டயப்பர் மாத்தறதை வச்சே பழக்குங்க, எல்லாத் தப்பும் அதுல வந்துடும்.

முதல்ல எல்லாத்தையும் கட்டில் பக்கத்துல கொண்டுவந்து வச்சுக்கணும்: புது டயப்பர், ஈரத் துணி நாலஞ்சு, காஞ்ச துணி, கிரீம், குப்பைப் பை வாய் திறந்தபடி. பாதியில அலமாரியைத் திறக்கப் போனா கைப்பிடி அழுக்கு. அப்புறம் கையைச் சானிடைசர்ல தேய்ச்சு நல்லாக் காய விட்டு ஏப்ரன், கையுறை. ஈரம் இருந்தா கையுறை ஏறாது, இழுக்கறப்ப மணிக்கட்டுல கிழியும். அழுக்கு டயப்பரை உள்பக்கமா மடிச்சு, முன்னாலேருந்து பின்னால துடைச்சு, துணியை ஒரு இழுப்புக்கு ஒண்ணா மாத்தி, எல்லாத்தையும் பைக்குள்ள போடணும். இங்கேயே கையுறையைக் கழட்டிடணும். திரும்பச் சானிடைசர். அதுக்கப்புறம்தான் புது டயப்பர், விரிப்பு, போர்வை, கட்டில் கம்பி, மின்விசிறி சுவிட்ச். புண் இருந்தா கிரீம் தடவ இன்னொரு புதுக் கையுறை. அப்படிப்பட்டவங்களுக்கு ஒரு தடவைக்கு ரெண்டு ஜோடி ஆகும், நேத்து கொடுத்த கணக்குல அதையும் சேர்த்துக்கோங்க.

கழட்டறப்ப: இடது மணிக்கட்டுக்குக் கீழே உள்ளங்கைப் பக்கம் கையுறையோட வெளித்தோலை வலது கையால கிள்ளிப் பிடிச்சு, உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி உரிச்சு, வலது உள்ளங்கையில உருட்டி வச்சுக்கணும். இப்ப இடது கை வெறுங்கை. அதோட ரெண்டு விரலை வலது கையுறை விளிம்புக்கு உள்ளே விட்டு, முதல் உருண்டையையும் உள்ளே சுருட்டிக்கிட்டு உரிக்கணும். வெளித்தோல்ல வெறும் விரல் படவே கூடாது. விரல் நுனியைப் பிடிச்சு இழுக்கறது, ஊதறது, சொடுக்கித் தொட்டியில வீசறது எல்லாம் துளி தெறிக்க வைக்கும்.

சானிடைசர்னா 20 முதல் 30 விநாடி தேய்க்கணும், சோப்பு தண்ணின்னா 40 முதல் 60 விநாடி. பேதி இருக்கிற வீட்ல சானிடைசரை நம்பாதீங்க, நோரோ வைரஸும் சில வயிற்றுக் கிருமிகளோட வித்துகளும் அதுக்கு அடங்காது. சோப்பும் ஓடற தண்ணியும்தான். பேசின் பக்கத்துல ஒரே டவல் தொங்கினா கழுவின பலன் போயிடும். பழைய வேட்டியைக் கிழிச்சுக் கைக்குட்டை அளவு துண்டுகளா ஒரு கூடையில வைங்க, ஒருதரம் துடைச்சா அடுத்த கூடைக்கு, சாயங்காலம் துவைக்க.

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 05.11.2025, மாலை 6.20

கிரீம் டப்பா. இதைத் தனியா எழுதத் தோணுது. பெரிய ஜிங்க் கிரீம் டப்பா ஒண்ணுல அத்தனை பேருக்கும் விரலை விட்டு எடுக்கற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு. டப்பாவுக்குள்ள மலக்கிருமி ஒருதரம் போனா அது தீர்ற வரைக்கும் எட்டு பேர் உடம்புக்கும் போய்க்கிட்டே இருக்கும். ஆளுக்கொரு சின்ன டப்பா, மேலே பேர். பெரிய டப்பாவுலேருந்து சுத்தமான ஐஸ்கிரீம் குச்சியால எடுத்து வாரத்துக்கு ஒருதரம் நிரப்பணும், நிரப்பறதுக்கு முன்னாடி சின்ன டப்பாவைக் கழுவிக் காய வைக்கணும். சானிடைசர் பாட்டிலும் அப்படித்தான், மிச்சத்து மேலேயே ஊத்தக்கூடாது.

சானிடைசரைக் கட்டில் கால்மாட்டுல மாட்டச் சொல்றது வழக்கம். மறதி நோய் இருக்கிற பெரியவங்க உங்க இல்லத்துல இருந்தா வேண்டாம், எடுத்துக் குடிச்சிடுவாங்க. ஆயா இடுப்புல செருகற 100 மில்லி பாட்டில் போதும்.

மஞ்சக்குப்பம் மருந்துக்கடை — 06.11.2025, காலை 11.00

தரைக்கு ஒரு வாளித் தண்ணிக்கு ரெண்டு மூடி ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், ப்ளீச் திரவம்), அதுல கொஞ்சம் பினாயிலும் கலந்தா வாடையும் போகும், கிருமியும் போகும். எங்ககிட்ட வாங்கறவங்க அப்படித்தான் செய்யறாங்க.

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 06.11.2025, பகல் 12.40

ஐயா, பினாயிலோட கலக்கச் சொல்லாதீங்க. ஹைப்போவை எதோடயும் கலக்கக்கூடாது. கழிப்பறை கழுவற ஆசிட்ல பட்டா குளோரின் வாயு கிளம்பும், மூச்சுத்திணறல் இருக்கிற பெரியவங்க அறைக்குப் பக்கத்துல அது ஆபத்து. மூடிக்கணக்கும் வேண்டாம். கேன்ல போட்டிருக்கிற சதவீதத்தைப் பார்த்து அளங்க.

5 சதவீத ஹைப்போ இருந்தா:
தரை, கட்டில், கைப்பிடிக்கு 0.1 சதவீதம்: 20 மில்லியோட தண்ணி சேர்த்து 1 லிட்டர். 10 லிட்டர் வாளிக்கு 200 மில்லி.
ரத்தம், மலம் சிந்தின இடத்துக்கு 1 சதவீதம்: 200 மில்லியோட தண்ணி சேர்த்து 1 லிட்டர்.
கேன் 10 சதவீதம்னா ஹைப்போ அளவு பாதி.
ப்ளீச்சிங் பவுடர்னா, 30 சதவீத குளோரின் இருக்கிற புதுசா இருந்தா 1 லிட்டருக்கு 33 கிராம் போட்டா 1 சதவீதம் வரும். கலக்கித் தெளிய விட்டு மேல் தண்ணியை மட்டும் எடுக்கணும்.

அன்னன்னைக்குக் கலக்கணும். மாடி வெயில்ல கேனை வச்சா சத்து இறங்கிடும், கறுப்புக் கேன்ல, நிழல்ல. வாசனை வர்றதை வச்சு வீரியம் இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. முதல்ல சோப்புத் தண்ணியால அழுக்கை எடுத்துட்டுத்தான் ஹைப்போ. அழுக்கு மேலேயே ஊத்தினா குளோரின் அழுக்கோட போராடியே தீர்ந்துடும். 10 நிமிஷம் ஈரமா நிக்கணும். அப்புறம் இரும்புக் கட்டிலைச் சாதா தண்ணியால துடைச்சு விடுங்க. உப்புக்காத்தும் ஹைப்போவும் சேர்ந்தா ஒரே வருஷத்துல துரு பிடிக்கும், துருப்பிடிச்ச கம்பியை எதைப் போட்டும் சுத்தம் பண்ண முடியாது. ரெக்ஸின் மெத்தை உறை கிழிஞ்சாலும் அதே கதைதான், உள்ளே ஊறின சிறுநீரை வெளியே எடுக்க வழியில்ல, உறையை மாத்திடுங்க.

ஆளுங்க மேல, அறைக்குள்ள கிருமிநாசினி ஸ்ப்ரே அடிக்கிற பழக்கமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாசமே அதை வேண்டாம்னு சொல்லிடுச்சு.

மஞ்சக்குப்பம் மருந்துக்கடை — 06.11.2025, மாலை 5.10

சரிங்க சிஸ்டர், கடையில இந்த அளவை எழுதி ஒட்டிடறேன். சிறுநீர் சிந்தினா நேரா 1 சதவீதம் ஊத்தலாமா?

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 06.11.2025, இரவு 9.00

கூடாது. சிறுநீர்ல இருக்கிறதோட குளோரின் சேர்ந்து கண்ணும் தொண்டையும் எரியற வாயு வரும். துணியால ஒத்தி எடுத்து, சோப்புத் தண்ணி, அப்புறம் 0.1 சதவீதம்.

மாப்பை ராத்திரி வாளித் தண்ணியில ஊற விடாதீங்க. பிழிஞ்சு, தலை மேலே இருக்கிற மாதிரி வெளியே தொங்க விடணும். கழிப்பறை மாப் வேற நிறத்துல இருக்கட்டும்.

திருப்பாதிரிப்புலியூர் நிர்வாகி — 08.11.2025, காலை 8.15

ரெண்டு தாத்தாவுக்கு இருமல். காய்ச்சல் 99.4-தான், ஆனா ஒருத்தர் சாப்பாட்டையே ஒதுக்கிட்டார். எல்லா ஆயாவுக்கும் என்95 கொடுத்துட்டேன்.

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 08.11.2025, காலை 9.30

99.4-ஐ 'தான்'னு விடாதீங்க. வயசானவங்களுக்கு உடம்பு சுடறதே குறைவு. ஒருதரம் 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப 99 தாண்டினாலோ, அவரோட வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி கூடினாலோ காய்ச்சல்னுதான் எடுத்துக்கணும். அதனால நல்லா இருக்கிற நாள்லயே ஒவ்வொருத்தர் சூட்டையும் குறிச்சு வைக்கணும். சாப்பிடாம இருக்கறது, திடீர்க் குழப்பம், விழறது, இதெல்லாம் காய்ச்சலுக்கு முன்னாடியே வரும். அவரை இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.

மாஸ்க் முதல்ல இருமறவருக்கு, அவர் தாங்கினா மூணடுக்கு மாஸ்க். மூச்சு வாங்கறவர் முகத்துல கட்டாயப்படுத்தாதீங்க. ரெண்டு பேரையும் ஒரே அறையில ஜன்னல் பக்கமாப் போட்டு, எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைங்க. மழைன்னு மூடினா சுவர் மேல இருக்கிற வெண்டிலேட்டராவது திறந்திருக்கட்டும். அந்த அறைக்கு ஒரே ஆயாவை நிறுத்துங்க. மூணடுக்கு மாஸ்க் அவங்களுக்குப் போதும். கொரோனாவோ காசமோன்னு சந்தேகம் வந்தாலோ, நெபுலைசர் வைக்கிற நேரத்துலயோ என்95. ரெண்டு வாரம் தாண்டின இருமல்னா சளிப் பரிசோதனை பண்ணியே ஆகணும்.

என்95-ல மேல் பட்டை உச்சந்தலையில, கீழ்ப் பட்டை பிடரியில. ரெண்டையும் பிடரியிலேயே போட்டா கன்னத்துல இடைவெளி விழும். மூக்குக் கம்பியை ரெண்டு கை விரலாலயும் அழுத்தணும், ஒரு கையால கிள்ளினா நடுவுல கூம்பும். ரெண்டு கையாலயும் பொத்தி வேகமா மூச்சு விட்டா ஓரத்துல காத்து வரக்கூடாது. வால்வு வச்சது வேண்டாம், போட்டவங்க மூச்சு வடிகட்டாம வெளியே வந்து பெரியவர் முகத்துல விழும். பெட்டியில ஐஎஸ் 9473 பாருங்க.

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 08.11.2025, பகல் 2.45

காலையில 'இருமறவருக்கு'ன்னு எழுதினது ஒருத்தருக்கு மட்டும் இருக்கிறப்பதான் சரி. ரெண்டு பேருக்கு வந்தாச்சுன்னா இருமல் இல்லாதவங்களையும் பார்த்துக்கணும். 2020 மார்ச்ல வாஷிங்டன் மாநிலம் கிங் கவுண்டியில ஒரு முதியோர் காப்பகத்துல 76 பேருக்குப் பரிசோதனை பண்ணினாங்க. 23 பேருக்குக் கொரோனா, அதுல 13 பேருக்கு அன்னைக்கு எந்த அறிகுறியும் இல்ல. அதே பகுதியில ஒண்ணுக்கு மேற்பட்ட இல்லத்துல வேலை பார்த்த ஊழியர்கள் வழியாவும் பரவினது தெரிய வந்துச்சு. உங்க ராத்திரி ஆயாங்க பகல்ல வேற இல்லத்துக்கோ வீட்டுக்கோ போறாங்களான்னு கேளுங்க. காய்ச்சலோட வந்தா சம்பளம் பிடிப்பாங்கன்னு பயந்தா யாரும் சொல்ல மாட்டாங்க. சம்பளத்தோட லீவு கொடுக்கறது நூறு கிட்டை விடப் பாதுகாப்பு.

பாகூர் பராமரிப்பாளர் — 09.11.2025, காலை 10.20

எங்க இல்லத்துல ஒரு பாட்டிக்கு யானைக்கால். பக்கத்துக் கட்டில்காரங்க ஒதுங்கறாங்க, ஆயா ரெண்டு கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடறாங்க. ஒட்டுமா அக்கா?

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 09.11.2025, காலை 11.00

ஒட்டாதும்மா. கொசு வழியா மட்டும்தான் பரவும். நம்ம பக்கம் வயசானவங்ககிட்ட அந்தக் கால் இன்னும் நிறைய இருக்கு, தொட்டா வரும்ங்கற பயம் அவங்களைத்தான் வதைக்குது. தோல் முழுசா இருந்தா வெறுங்கையால கழுவி விடுங்க. நீர் கசிஞ்சாலோ வெடிப்பு இருந்தாலோ மட்டும் கையுறை, ஒரே ஜோடி.

தினமும் சாதா சோப்பு, சூடில்லாத தண்ணி. தோல் மடிப்புக்குள்ளேயும் விரல் இடுக்குலயும் துணியை விட்டுக் கழுவி, ஒத்தி உலர்த்தணும், தேய்க்கக்கூடாது. இடுக்குல ஈரம் நின்னா பூஞ்சை வரும், வெடிக்கும், அந்த வெடிப்பு வழியா கிருமி ஏறித்தான் குளிர்காய்ச்சலும் வீக்கமும் வருது. உட்காரும்போது காலை ஸ்டூல்ல தூக்கி வைங்க. கால் துடைக்கிற துணி அவங்களுக்கு மட்டும். பக்கத்துக் கட்டில்காரங்க முன்னாடியே வெறுங்கையால கழுவுங்க, சொல்றதை விட அது வேலை செய்யும்.

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 11.11.2025, மாலை 4.30

கையுறை, மாஸ்க்னு பேசிட்டே இருக்கோம், சர்க்கரை பார்க்கிற ஊசியை யாரும் கேட்கல. விரல் குத்தற பேனா ஒண்ணுதான் இருக்கு, ஊசியை மட்டும் மாத்தறோம்னா அதை இன்னைக்கே நிறுத்துங்க. பேனா முனையில காஞ்ச ரத்தம் ஒட்டியிருக்கும், ஹெபடைட்டிஸ் பி வைரஸ் வெளியில 7 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். அமெரிக்காவுல 2003, 2004-ல மிசிசிப்பி, வட கரோலினா, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து முதியோர் இல்லங்கள்ல சர்க்கரைப் பரிசோதனை வழியாவே அது பரவியிருக்கு. ஒருதரம் குத்தினா தானா உள்ளே போயிடற லான்செட் வாங்குங்க. இன்சுலின் பேனாவும், ஊசியை மாத்தினாலும், ஒருத்தருக்கு ஒண்ணுதான். குளூக்கோமீட்டரை ஒவ்வொருத்தருக்கு அப்புறமும் துடைக்கணும்.

மாசத்துக்கு ஒருதரம் முடிவெட்டறவர் வந்து தாத்தாங்களுக்கு வரிசையா முகம் வழிச்சு விடறாரே, அதையும் பாருங்க. ஒருத்தருக்கு ஒரு பிளேடு. நகவெட்டியும் ஆளுக்கொண்ணு, பேர் ஒட்டி.

போட்ட ஊசியை மூடி மாட்டாம, குத்தி ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுல நேரா போடணும், முக்கால் நிறைஞ்சா மூடிடணும். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, மாஸ்க் மஞ்சள் பைக்கு. கையுறை, யூரின் பை, குழாய் சிவப்புப் பைக்கு. மஞ்சள் பை 48 மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது.

திருப்பாதிரிப்புலியூர் நிர்வாகி — 14.11.2025, காலை 9.10

இருமல் அடங்கிடுச்சு, கிட் யோசனையை டிரஸ்ட் கைவிட்டாச்சு. ஏப்ரன் வந்துடுச்சு. இப்ப புதுசா மூணு பாட்டிங்களுக்கு ராத்திரி அரிப்பு, விரல் இடுக்குலயும் இடுப்புலயும் பொரி. டாக்டர் சிரங்குன்னு சொல்லி மூணு பேருக்கும் களிம்பு எழுதினார். அவங்களை மட்டும் தனியா வச்சா போதுமா?

தொற்றுத்தடுப்பு சிஸ்டர், புதுச்சேரி — 14.11.2025, காலை 10.45

போதாது. முதல் தடவை தொத்தறவங்களுக்கு அரிப்பு ஆரம்பிக்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். மூணு பேர் சொறியறாங்கன்னா இன்னும் பத்து பேர் உடம்புல சிரங்குப் பூச்சி இருக்கலாம். மூணு பேருக்கு மட்டும் போட்டா அடுத்த மாசம் திரும்ப அவங்களுக்கே வரும். டாக்டர்கிட்ட இதைச் சொல்லி, எல்லாருக்கும் சேர்த்து எழுதி வாங்குங்க.

22 பெரியவங்க, 6 ஆயா, சமையல்காரம்மா, நீங்க: 30 பேர். பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம் ஆளுக்கு 30 கிராம், 7 நாள் கழிச்சு இன்னொரு தடவை, ஆக 60 டியூப். ஒரே நாள் சாயங்காலம் எல்லாரும் போட்டுக்கணும். கழுத்துக்குக் கீழே முழு உடம்பும், வயசானவங்களுக்குத் தலை, காது பின்புறம், நெத்தியும் சேர்த்து. கண்ணு வாய் வேண்டாம். நகத்தை வெட்டி நக இடுக்குலயும் தடவணும். 8 முதல் 14 மணி நேரம் இருக்கணும். நடுவுல கை கழுவினா கைக்குத் திரும்பத் தடவணும், ராத்திரி ஆயாங்க இதைத்தான் மறப்பாங்க.

மறுநாள் காலையில குளிச்சதும் புதுத்துணி. கடைசி 3 நாள் போட்ட துணி, விரிப்பு, போர்வையை உதறாம உருட்டி, வெந்நீர்ல துவைச்சு வெயில்ல காய வைங்க. மழையில துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில கட்டி ஒரு வாரம் வைங்க, ஆளில்லாம பூச்சி ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது. தோல் தடிச்சுப் பொருக்குப் பொருக்கா உதிர்ற பெரியவர் யாராவது இருந்தா உடனே டாக்டருக்குச் சொல்லுங்க, அவர் உடம்புல ஆயிரக்கணக்குல இருக்கும், அவருக்கு மட்டும் முழுக்கை கவுனும் கையுறையும் போட்டுக் கவனிக்கணும். சிரங்குப் பூச்சிக்குச் சானிடைசர் வேலை செய்யாது.

ஆயாங்க வீட்ல ஒரே பாய்ல படுக்கற பிள்ளைங்க, வீட்டுக்காரருக்கும் அதே சாயங்காலம் போடணும். அந்த டியூபை டிரஸ்ட் செலவுல கொடுங்க. மருந்து போட்டப்புறமும் 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கும், அதைப் பார்த்து மூணாவது தடவை நீங்களா போடாதீங்க. புதுப் பொரி வந்தா மட்டும் திரும்பக் காட்டுங்க.